என் பெயரில் இருந்த அவன் விளையாட்டு

அன்புள்ள பொராமுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நான், உங்கப்பா, தம்பி ஹங்யோல் மூன்று பேரும் உடம்பளவில் சுகம். நீ வேளாவேளைக்குச் சாப்பிட்டுச் சளி இருமல் இல்லாமல் இருக்கிறாய் என்று நம்புகிறேன். போலந்தில் இந்த மாதமாவது வெயில் எட்டிப் பார்த்ததா? இந்தப் பெட்டியில் நெத்திலி வறுவல், கடல்பாசி, சோயா விழுது, நான் அரைத்த மிளகாய் விழுது எல்லாம் வைத்திருக்கிறேன், விழுது டப்பாவை மூன்று பை போட்டுக் கட்டியிருக்கிறேன், போன தடவை மாதிரி உன் மேல்சட்டையில் ஒழுகாது. உங்கப்பாவுக்கு முழங்கால் வலி தேவலை. ஆனாலும் பஸ்ஸில் கிளட்சை மிதிக்கும்போது முகத்தைச் சுளிக்கிறார், டாக்டரிடம் போங்கள் என்றால் பஸ்ஸுக்குத்தான் வயசாச்சு எனக்கில்லை என்கிறார். நம் ஊறுகாய்க் கடையில் வியாபாரம் மோசமில்லை. பச்சை பிளம் காய் சந்தைக்கு வந்துவிட்டது, இரண்டு ஜாடி சர்க்கரையில் ஊறப்போட்டேன், நீ லீவில் வரும்போது தெளிந்திருக்கும். மூன்று வாரமாக நீ வீடியோவில் கூப்பிடும்போதெல்லாம் எண்ணெய் காய்கிறது, ஆள் நிற்கிறது என்று சொல்லி வைத்துவிட்டேன் இல்லையா, எண்ணெயும் காயவில்லை, ஆளும் நிற்கவில்லை. உன் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்கு முகம் இல்லை, அதனால்தான் காகிதத்தில் எழுதி நெத்திலி டப்பாவுக்கு அடியில் வைக்கிறேன். சாப்பிட்டுவிட்டுப் படி.

தம்பி பள்ளிக்கூடத்தில் கணினி விளையாட்டுப் போட்டியை விருப்பப் பாடமாக வைக்கப்போகிறார்கள் என்று குளிர்காலத்திலேயே உன்னிடம் சொல்லிப் புலம்பினேன், ஞாபகம் இருக்கும். இப்போதெல்லாம் மேல்நிலையில் பிள்ளைகளே பாடத்தைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம் என்று ஆகிவிட்டது, அந்தப் பட்டியலில் உளவியல், சீன மொழி, சமையல் இவற்றோடு இதுவும். கடைக்கு வந்த அத்தனை பேரிடமும் நான் அதைச் சொல்லிச் சிரித்தேன், சிரித்து முடித்ததும் கோபம் வந்தது. பெற்றோர் கூட்டத்தில் எழுந்து நின்று, பிள்ளைகள் கையிலிருந்து எதைப் பிடுங்க நாங்கள் வீட்டில் மல்லுக்கு நிற்கிறோமோ அதையே நீங்கள் தட்டில் வைத்துக் கொடுக்கிறீர்கள், நாளைக்குத் தூங்குவதற்கும் மார்க் போடுவீர்களா என்று கேட்டேன். எல்லோரும் கைதட்டினார்கள். பின்வரிசையில் இருந்த பல் டாக்டர் ஒருவர், அவர் பையனும் தம்பி வகுப்புதான், சபாஷ் என்று வாய்விட்டே சொன்னார். அந்த வகுப்பை எடுக்கிற யோம் சார் உடற்பயிற்சி ஆசிரியர், ஒல்லியாக, தன் காலணியையே பார்த்துக்கொண்டு பேசுகிறவர். அவர் நிதானமாக, "வீட்டுல தனியா உட்கார்ந்து விளையாடுறது வேற, அஞ்சு பேர் சேர்ந்து தோத்துட்டு, ஏன் தோத்தோம்னு ஒருத்தரை ஒருத்தர் திட்டாம பேசுறது வேற. நான் சொல்லிக்கொடுக்கப்போறது ரெண்டாவதைத்தான்" என்றார். இன்னொன்றும் சொன்னார், இந்த ஒரு வகுப்புக்குத்தான் டியூஷன் போய்ப் படித்துவிட்டு வந்த பிள்ளை, போகாத பிள்ளை என்ற பேதம் இருக்காது, எல்லோரும் தங்கள் கையை மட்டும் நம்பி வருவார்கள் என்று. எனக்கு அது காதில் ஏறவில்லை. ஒரு பருவம் நடத்திப் பார்ப்பது, நடுவில் பெற்றோரிடம் கேட்டுத் தொடர்வதா வேண்டாமா என்று முடிவு செய்வது என்று கூட்டம் முடிந்தது. உங்கப்பா எனக்குத் தெரியாமல் சம்மதக் கையெழுத்துப் போட்டுவிட்டார், கேட்டதற்கு, பையன் நாலு வருஷத்தில் முதல் தடவையாக என்னிடம் ஒன்று கேட்டான், அது சிகரெட் இல்லை, சந்தோஷப்படு என்றார். நீயும் போனில் அன்றைக்கு என்ன சொன்னாய்? "அம்மா, கணக்கு உன்னோடது, இங்கிலீஷ் உன்னோடது, வயலின்கூட உன்னோடதுதான். இது ஒண்ணாவது அவனோடதா இருக்கட்டும், இதுல மட்டும் நீ நுழையாதே" என்றாய். நான் சரி சரி என்று வைத்துவிட்டேன்.

பொராம், சொல்ல வெட்கமாக இருக்கிறது, அந்த வகுப்பு அவனை மாற்றியது. மார்ச்சில் தொடங்கியது. காலையில் நான் மூன்று தடவை கத்தி எழுப்பவேண்டிய பையன் தானாக எழுந்தான், தூக்கம் கெட்டால் கை மெதுவாகிவிடுமாம், சார் சொன்னாராம். சாப்பாட்டு மேசையில் வாயைத் திறந்தான். ஐந்து பேர் ஒரு பக்கம், ஐந்து பேர் மறுபக்கம் நின்று எதிராளியின் கோட்டையை இடிக்கிற விளையாட்டு, அதில் தான் முன்னால் பாய்கிறவன் இல்லை, பின்னால் நின்று மற்றவர்களைக் காப்பாற்றுகிறவன் என்று உங்கப்பாவிடம் ஸ்பூன், உப்பு டப்பா எல்லாம் வைத்து விளக்கினான். உங்கப்பாவும் ஏதோ புரிந்த மாதிரி தலையாட்டினார். எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம்தான். ஆனால் என் புத்தி தெரியுமே உனக்கு, சந்தோஷம் வந்தால் உடனே அதில் எத்தனையாவது இடம் என்று கேட்கும். கேட்டேன். அந்த விளையாட்டில் இரும்பு, வெண்கலம், வெள்ளி, தங்கம், பிளாட்டினம், வைரம் என்று படிகள் உண்டு, இவன் வெள்ளி. கியூரி என்று ஒரு பெண், இவன் வகுப்புதான், அவள் வைரம். கியூரியின் அம்மா நம் கடையில்தான் எள்ளிலை ஊறுகாய் வாங்குவாள். ஒருநாள் காசைக் கொடுத்துக்கொண்டே, மே மாதம் பள்ளிக்கூடத்துக்கு ஐந்து பேர் கொண்ட டீம் எடுக்கப்போகிறார்கள், மாகாணப் போட்டிக்குப் போவார்கள், அது பள்ளிப் பதிவேட்டிலும் ஏறும், பல்கலைக்கழகத்தில் பார்ப்பார்கள் என்று சொன்னாள். சொல்லிவிட்டு, "ஹங்யோல் வெள்ளியாமே, பரவால்ல, பொழுதுபோக்குக்கு நல்லது" என்றாள். ஊறுகாய்க் கரண்டி என் கையில் அப்படியே நின்றுவிட்டது.

அதன் பிறகு நான் செய்ததை நீயே ஊகித்திருப்பாய், நம் ஊரில் பிள்ளை ஒரு பாடத்தில் பின்தங்கினால் ஒரு தாய் என்ன செய்வாளோ அதைத்தான் செய்தேன். டியூஷன் வாத்தியாரைத் தேடினேன். விளையாட்டுக்கு மார்க்கா என்று மேடை போட்டுக் கேட்டவள், அதே வாயால் அக்கம்பக்கத்தில் விளையாட்டுக்கு யாராவது நல்லா சொல்லிக்கொடுக்கிறார்களா என்று விசாரித்தேன். மீன் கடைக்காரியின் அக்கா பையன் ஒருவன் கிடைத்தான், முன்பு பெரிய குழு ஒன்றில் பயிற்சிக்குப் போய்த் தேறாமல் திரும்பியவனாம். கடைக்கு வந்து மரியாதையாகக் குனிந்து வணங்கினான். "வெள்ளியில வச்சு சொல்லிக்கொடுத்தா ரொம்ப நாளாகும்மா. மொதல்ல நான் உள்ள போய் ரெண்டு படி ஏத்தி விட்டுர்றேன், அப்புறம் பெரிய ஆளுங்களோட மோதி அவனே கத்துக்குவான். எல்லாரும் அப்படித்தான் பண்றாங்க. பையன்கிட்ட மட்டும் இப்ப சொல்ல வேணாம்" என்றான். தெரியாமல் செய்துவிட்டேன் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். அது பொய். பையனிடம் சொல்ல வேண்டாம் என்று அவன் சொன்னபோதே எனக்குத் தெரியும். தெரிந்ததும், பக்கத்து ஆட்கள் பிள்ளைக்கு மேல்வகுப்புப் பாடத்தை முன்கூட்டியே நடத்துகிறார்களே அது மாதிரிதான் இதுவும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். தம்பியின் அக்கவுண்ட் என் பெயரில்தான் இருந்தது, உனக்கு ஞாபகம் இருக்கும், சின்னப் பிள்ளைகள் பெயரில் திறந்தால் ராத்திரி ஆனதும் பூட்டிக்கொள்ளும் என்று அப்போது சட்டம், அதனால் ஆரம்பப் பள்ளியில் படிக்கும்போது என் அடையாள எண்ணைக் கேட்டு வாங்கினான், நான் மீன் பொரித்துக்கொண்டே சொன்னேன். பாஸ்வேர்டு என் பிறந்தநாள். அவனாக வைத்தது. இத்தனை வருஷத்தில் அவன் அதை மாற்றவில்லை, மாற்றவேண்டும் என்று அவனுக்குத் தோன்றவே இல்லை.

அது பருவத் தேர்வு வாரம். தேர்வு முடிகிறவரை விளையாட்டைத் திறக்கக் கூடாது என்று நான்தான் சத்தியம் வாங்கியிருந்தேன். அவன் காப்பாற்றினான் பொராம், கணினிப் பக்கமே போகவில்லை, கை பரபரக்கிறது என்று உருளைக்கிழங்கு உரித்துக் கொடுத்தான். அவன் என் எதிரே உட்கார்ந்து கிழங்கு உரித்துக்கொண்டிருந்தபோது என் கைப்பேசிக்கு ஒரு சரிபார்ப்பு எண் வந்தது, புதுக் கணினியிலிருந்து நுழைகிறார்கள், நீங்கள்தானா என்று. நான் பின்பக்கம் போய் அந்தப் பையனுக்கு அதைப் படித்துச் சொல்லிவிட்டு வந்து கீரையைப் பிழிந்தேன். அந்த ஐந்து நாளும் என் மகன் எனக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றிக்கொண்டிருந்தான், நான் அவன் பெயரில் இன்னொருவனை விளையாட விட்டிருந்தேன். வேலியே பயிரை மேய்வது என்பார்கள், அந்த வேலி நான்தான்.

தேர்வு முடிந்த அன்று திறந்து பார்த்தவன் முகம் வெளுத்துப்போய்க் கூடத்துக்கு வந்தான். அவன் படி பிளாட்டினத்தில் நின்றது. வேறு பையனாக இருந்தால் சத்தம் போடாமல் வைத்துக்கொண்டிருப்பான். இவன் மறுநாளே யோம் சாரிடம் போய், யாரோ என் அக்கவுண்டுக்குள் புகுந்திருக்கிறார்கள், இது நான் இல்லை, என்னை வெள்ளி என்றே வைத்து டீமுக்குப் பாருங்கள் என்று சொல்லியிருக்கிறான். சார் ஆட்டக் குறிப்புகளை எடுத்துப் பார்த்திருக்கிறார், அதில் ஒரு ஆட்டம் கணக்குத் தேர்வு நடந்துகொண்டிருந்த நேரத்தில். தேர்வு அறையில் இருந்த பையன் எப்படி விளையாடியிருப்பான், இது திருட்டுத்தான், சட்டப்படி குற்றம், போலீஸில் புகார் எழுதுவோம் என்று அவர் இவனுக்காக நின்றார். வகுப்புப் பிள்ளைகள் நிற்கவில்லை. கியூரி எல்லோர் முன்னாலும், "வெள்ளி ஒரே வாரத்துல பிளாட்டினமாயிடுச்சு. உங்க வீட்டுல நடத்துறது ஊறுகாய்க் கடைன்னுல்ல நினைச்சேன், நகைக்கடையா?" என்று கேட்டாளாம். இதை அவன் சொல்லவில்லை, கியூரியின் அம்மாதான் சிரித்துக்கொண்டே வந்து சொன்னாள். நானும் சிரித்தேன். என்ன ஜென்மம் நான்.

அன்று மாலை ஹங்யோல் கடைக்கு வந்தான். ஆள் இல்லாத நேரம். பையைக்கூடக் கழற்றாமல் நின்று, "அம்மா, புது மெஷின்ல நுழைஞ்சா உன் போனுக்குத்தானே நம்பர் வரும்" என்றான். நான் தாமரைக் கிழங்கை நறுக்கிக்கொண்டே இருந்தேன். "நீதானா?" என்றான். உன் நல்லதுக்குத்தாண்டா என்று ஆரம்பித்தேன், டீம், பதிவேடு, பல்கலைக்கழகம் என்று என் வாய் தானாகப் பேசியது. அவன் கத்தவில்லை, கத்தியிருக்கலாம். "நான் கணக்குல இருபது மார்க் வாங்கினப்பகூட நீ எனக்குப் பதிலா ஆள் வச்சுப் பரீட்சை எழுத வைக்கலையேம்மா. இதுக்கு மட்டும் ஏன்? இதுல நான் அவ்வளவு மோசமா?" என்று கேட்டான். அவன் மோசமா என்று நான் பார்த்ததே இல்லை பொராம், ஒரு ஆட்டம்கூட அவன் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்ததில்லை, படியின் பெயரைத்தான் கேட்டேன்.

மறுநாள் அவன் யோம் சாரிடம் போய், புகார் எழுதவேண்டாம், பாஸ்வேர்டைக் கொடுத்தது நான்தான், டீமில் சேரும் ஆசையில் ஆள் வைத்தேன் என்று சொல்லிவிட்டான். புகார் போனால் விசாரணை என் கைப்பேசியில் வந்து நிற்கும் என்று அவனுக்குத் தெரியும். அவனை வகுப்பிலிருந்து எடுத்துவிட்டார்கள். வீட்டில் வந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. பள்ளிக்கூடத்திலிருந்து தொலைபேசி வந்தபோதுதான் எனக்குத் தெரிந்தது, நான் ஆமாம், சரி, மன்னியுங்கள் என்று சொல்லி வைத்தேன். நான்தான் என்று அந்த நிமிடம் சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. ஒரு வாரம் சொல்லவில்லை. கடையில் நாலு பேர் என்ன நினைப்பார்கள் என்ற எண்ணம்தான், வேறு ஒன்றும் இல்லை. அந்த வாரம் முழுக்க அவன் நான் வைத்ததைச் சாப்பிட்டான், நன்றாயிருக்கிறது என்றான், தட்டைக் கழுவி வைத்தான். உங்கப்பாவிடம் சொல்லித்தான் ஆகவேண்டும் என்று ஒருநாள் சொன்னேன். அவர், "பஸ்ல ஏறின ஆளுக்கு அவசரம்னு நான் ஸ்டியரிங்கை அவன் கையில கொடுக்கிறதில்ல. நீ ஓடுற பஸ்ஸுல ஓட்டுறவனையே இறக்கிவிட்டுட்டே" என்றார். அதன் பிறகு என்னோடு பேசவில்லை.

வகுப்பு தொடர்வதா வேண்டாமா என்று முடிவு செய்கிற கூட்டம் வந்தது. போகாமல் இருந்துவிடலாம் என்று பார்த்தேன், போனேன். தலைமையாசிரியர் பெயர் சொல்லாமல், ஒரு மாணவன் ஆள் வைத்து விளையாடியதை ஒப்புக்கொண்டிருக்கிறான் என்றார், பெயர் சொல்லாவிட்டாலும் எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள். பல் டாக்டர் எழுந்து, "முதல் பருவத்துலயே களவு கத்துக்கிட்டாங்க. இந்த அம்மா அன்னைக்கே எச்சரிச்சாங்க, நாமதான் கேட்கல. பாவம், அவங்க வீட்டுலயே நடந்துருச்சு" என்றார். என்னைப் பார்த்து இரக்கமாகத் தலையசைத்தார். யோம் சார் காலணியைப் பார்த்துக்கொண்டு, ஒரு பையன் தப்புச் செய்தால் வகுப்பு கெட்டது என்று ஆகாது என்று மெதுவாகச் சொன்னார், யாரும் கேட்கவில்லை. கை தூக்கச் சொல்லப்போனார்கள். அந்த இரக்கத்தை என்னால் தாங்கமுடியவில்லை. எழுந்து நின்று, பையன் இல்லை, நான், ஆளைப் பிடித்ததும் நான், எண்ணைப் படித்துச் சொன்னதும் நான், அவன் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தான், எனக்காகப் பொய் சொல்லியிருக்கிறான் என்று சொன்னேன். காறித் துப்புவார்கள் என்று நினைத்தேன், துப்பியிருந்தால் ஆறியிருக்கும். யாரும் துப்பவில்லை. கியூரியின் அம்மா எழுந்து வந்து என் கையைப் பிடித்து, "விடுங்க ஹங்யோல் அம்மா, நாங்க யாரும் பண்ணாததையா பண்ணிட்டீங்க" என்றாள், ஆமாம் ஆமாம் என்று நாலு பக்கமும் குரல் வந்தது. தலைமையாசிரியர் சிரித்துவிட்டு, "டியூஷன் வாத்தியார் வரைக்கும் வந்தாச்சுன்னா அப்புறம் அது பாடந்தாங்க, சந்தேகமே இல்ல" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். கை தூக்கினார்கள், வகுப்பு தொடரும் என்று முடிவாகிவிட்டது. யோம் சார் மட்டும் சிரிக்கவில்லை. அவருடைய வகுப்பு பிழைத்துவிட்டது, ஆனால் அவர் முகத்தைப் பார்த்தால் துக்க வீட்டுக்கு வந்தவர் மாதிரி இருந்தது. வெளியே வந்து அவர் முன்னால் இடுப்பு மடியக் குனிந்து மன்னிப்புக் கேட்டேன். அவர், "நீங்க அன்னைக்கு எதிர்த்துப் பேசினப்ப எனக்கு வருத்தமே இல்லம்மா. அப்ப நீங்க வகுப்புக்கு வெளிய நின்னீங்க" என்றார். அவ்வளவுதான் சொன்னார். வண்டிகள் நிற்கிற இடத்துக்கு வந்தால் பல் டாக்டர் எனக்காகக் காத்துக்கொண்டிருந்தார். அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, "அந்தப் பையன் நம்பர் இருக்கா? உள்ள போய் விளையாட வேணாம், சொல்லிக்கொடுக்க மட்டும். நம்ம பையன் இன்னும் வெண்கலத்துலயே கிடக்கிறான்" என்றார். நான் பஸ் நிறுத்தத்தைப் பார்த்து நடந்தேன்.

அந்த விளையாட்டு பள்ளிக்கூடத்தில் இருக்கலாமா கூடாதா என்று இப்போது யாராவது கேட்டால் எனக்குப் பதில் தெரியாது. கூடாது என்று சண்டை போட்டபோது எனக்கு இருந்த துணிச்சல் இப்போது இல்லை. நுழையாதே என்று நீ சொன்னதை நினைத்துக்கொள்கிறேன். உனக்கு நான் வைத்த டியூஷன்கள், ஒரு டியூஷனிலிருந்து இன்னொன்றுக்கு நடந்துகொண்டே நீ ஆறிய சோற்று உருண்டையைத் தின்றது, இவ்வளவு தூரத்து நாட்டில் நீ வேலை தேடிக்கொண்டது, எல்லாவற்றையும் சேர்த்து நினைத்துப் பார்க்கிறேன். உன்னிடம் கேட்கப் பயமாக இருக்கிறது, அதனால் கேட்கவில்லை, நீயும் சொல்லவேண்டாம்.

தம்பி மேல் தப்பில்லை என்று ஆனதும் வகுப்புக்குத் திரும்பி வா என்று யோம் சாரே கூப்பிட்டார். "வேணாம் சார், அதுவும் பாடமாயிடுச்சு" என்று சொல்லிவிட்டானாம். அடுத்த பருவத்துக்குச் சமையல் எடுத்திருக்கிறான். அதில் உதவி செய்கிறேன் என்று நான் வாயெடுக்கவில்லை, எடுக்கவும் மாட்டேன். பழைய அக்கவுண்டை மூடிவிட்டான். தன் பெயரிலேயே புதிதாக ஒன்று திறந்து, இரும்பிலிருந்து மறுபடி தொடங்கியிருக்கிறான் என்று உங்கப்பா சொன்னார், ஆமாம், இப்போது பேசுகிறார். பள்ளிக்கூடம் விட்டு வந்து ஒரு மணி நேரம் விளையாடுகிறான். கதவுக்கு அந்தப் பக்கம் சில நாள் சிரிக்கிறான். நான் கதவைத் தட்டுவதில்லை. பழச்சாற்றைக் கோப்பையில் ஊற்றித் தட்டோடு அறை வாசலில் வைத்துவிட்டு வந்துவிடுகிறேன், கோப்பை காலியாகித் திரும்புகிறது, நன்றி அம்மா என்கிறான், மரியாதையாக. முன்பெல்லாம் நன்றி சொல்ல மாட்டான்.

நீ நீண்ட ஆயுளோடும் நல்ல மனசுள்ள மனிதர்கள் நடுவிலும் இருக்கவேண்டும். வேலையில் முன்னேறு, முன்னேறாவிட்டாலும் பரவாயில்லை, நன்றாகத் தூங்கு. மிளகாய் விழுதைத் திறந்ததும் குளிர்பெட்டியில் வை. என் மேல் கோபம் இருந்தால் தீருகிறவரை கோபப்படு, அதற்காகத் தம்பியைக் கூப்பிடாமல் இருந்துவிடாதே, அவன் உன்னிடம்தான் மனம்விட்டுப் பேசுவான். பேசும்போது அந்தப் புது அக்கவுண்டின் பெயரை உன்னிடம் சொன்னாலும் சொல்லுவான். நான் ஒருநாள் சும்மா தெரிந்துகொள்ளத்தான் என்று உன்னிடம் கேட்பேன், கெஞ்சிக்கூடக் கேட்பேன், என்னை எனக்குத் தெரியும். சொல்லிவிடாதே.

என்றும் உன் நலம் வேண்டும்,
உன் அம்மா
குவோன் மியோங்ஹி
கூன்சான், ஜூன் மாதம்